எல்லைக் கிராமங்களின் வாசகசாலையும் நூல் தேர்வும்

இளம்பிராயத்து வாசகர்களுக்கும், பள்ளிக்கூடத்தை விட்டு நெடுங்காலம் ஆன பின்னும் கற்பதை விடாத பெரியோர்களுக்கும் எத்தகைய நூல்களைச் சேகரித்து வைக்கவேண்டும் என்ற கேள்வி எழும்போது, கதை இவ்வளவு, சரித்திரம் இவ்வளவு, விஞ்ஞானம் இவ்வளவு, ஜீவிய சரித்திரம் இவ்வளவு என்று விஷயவாரியாகப் பங்கிட்டு விடை கூறுவது நம்மவர் வழக்கம். ஒரே பாஷை வழங்கும் ஊருக்கு அந்த விடை ஒருவாறு போதும். கடற்கரையில் பொழியூர் தொடங்கிப் பாறசாலை வழியாக மலையடிவாரத்து வெள்ளறடை வரையில், பழைய நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடியில் கிடக்கும் கிராமங்களுக்கோ அது போதாது. அங்கே ஒரே குடும்பத்தில் பாட்டி தமிழ் வேதப் புஸ்தகம் வாசிக்கிறாள்; பேரன் மலையாளத்தில் பரீட்சை எழுதுகிறான்; இருவரும் பேசிக்கொள்ளும் பேச்சு இரண்டு பாஷைகளின் இலக்கண நூல்களிலும் அடங்குவதில்லை. இத்தகைய வீட்டுக்கு நூறு விஷயங்களில் நூறு புத்தகங்களை ஒரே லிபியில் வாங்கிக் கொடுத்தாலும், அந்த வீட்டின் பாதி வாழ்வைப் புறக்கணித்தவர்களாகவே ஆவோம். நூல்களின் பல்வகைமை என்பது இங்கே விஷயத்தில் மட்டுமன்றி லிபியிலும் அமைதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி ராஜ்யங்கள் பாஷைவாரியாகப் பிரிக்கப்பட்டபோது, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியாக இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி ஜில்லாவாயின. மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில் நடந்த திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய பிரதேசங்களில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. ஆயினும் அது கேரளத்திலேயே நின்றது. அதன் பயனாக, பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே, ஒரு காலத்தில் எவரும் கவனித்திராத தாலுகா எல்லை ராஜ்ய எல்லையாக மாறிற்று. அரசியல் வழக்கைப் புதுப்பிப்பது என் நோக்கமன்று. அந்தக் கோடு வாசிப்பின்மேல் விழுந்த விதத்தைத்தான் நான் கவனிக்க விரும்புகிறேன். எல்லைப் போராட்டக் காலத்தில் தமிழர் தரப்பை எடுத்துரைப்பதற்காக டி. வி. ராமசுப்பையர் 'தினமலர்' பத்திரிகையைத் தொடங்கியது 1951-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் திருவனந்தபுரத்திலேதான். இணைப்பு முடிந்தபின் 1957-இல் அது திருநெல்வேலிக்குச் சென்றது. பத்திரிகை சென்ற வழியிலேயே பாடப்புத்தகமும் பள்ளி வாத்தியாரும் அரசாங்க நூல்நிலையமும் சென்றன. கோட்டுக்கு வடக்கே தங்கிவிட்ட தமிழ்ப் பேச்சுக்காரருக்கு வீட்டுப் பாஷை மிஞ்சியது. அதை வாசிக்கும் வசதியோ வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது.

இந்தக் கோடு போடப்படுவதற்கு முன் இப்பிரதேசத்தில் கல்வியும் வாசிப்பும் எவ்வாறு கலந்திருந்தன என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். இன்றைய எல்லைக்குத் தெற்கே சில மைல் தொலைவில், முன்சிறைக்கு அருகே உள்ள பார்த்திவசேகரபுரத்தில், ஆய் வேந்தன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் ஒரு விஷ்ணு கோயிலையும், காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்டு ஒரு கல்விச் சாலையையும் நிறுவினான் என்று அவனுடைய செப்பேடு கூறுகிறது. அச்சாலையில் 95 மாணவருக்கு இடம் இருந்தது. வேத சாகைகளின்படி அவ்விடங்கள் 45, 36, 14 என்று பங்கிடப்பட்டன. சேருகிறவர்களுக்கு வியாகரணமும் மீமாம்சையும் புரோகித நூலும் தெரிந்திருப்பதோடு, மூன்று ராஜ்யங்களின் வழக்கு விவகாரங்களிலும் தேர்ச்சி இருக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது. அந்தக் கல்வி ஒரே வகுப்பாருக்குரியதாய் இருந்தது என்பதையும், ஊரின் பெரும்பகுதி ஜனங்கள் அதன் வாயிலுக்குள் நுழைய முடியாதிருந்தது என்பதையும் மறைத்துப் பேசுவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். எனினும், வேதம் ஓதுகிறவனும் அயல் ராஜ்யங்களின் நடைமுறையை அறிந்திருக்கவேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்த மண்ணில் ஒருவன் கருதினான் என்பது, கல்வியில் கலப்பை நாடுகிற நமக்கு அக்கறையோடு நினைக்கத்தக்க விஷயம்.

சாலைக்கு வெளியே நின்ற ஜனங்களுடைய இலக்கியம் பாட்டில் இருந்தது. கோவளத்துக்கு அருகே வாழ்ந்த அய்யிப்பிள்ளை ஆசான் இயற்றிய இராமகதைப்பாட்டைத் தமிழ் என்பதா மலையாளம் என்பதா என்று பண்டிதர்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, சந்திரவளையம் என்னும் வாத்தியத்தோடு அதைப் பாடினவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் அந்தச் சந்தேகமே தோன்றியதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் கணியாகுளத்திலே திருமலை நாயக்கரின் சேனையை எதிர்த்து மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையும், அஞ்சு தம்புரான் கதையும், உலகுடைய பெருமாள் கதையும் வில்லுப்பாட்டாக நாகர்கோவிலிலும் ஒலித்தன, நெய்யாற்றின்கரையிலும் ஒலித்தன. மலையாள அறிஞர் இவற்றைத் 'தெக்கன் பாட்டுகள்' என்றும், தமிழறிஞர் கதைப்பாடல்கள் என்றும் தொகுத்திருக்கிறார்கள். இரண்டு அலமாரிகளில் வெவ்வேறு பெயரோடு இருக்கும் ஒரே செல்வம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டன் மிஷன் சங்கத்தார் பாறசாலையை ஒரு மிஷன் ஜில்லாவாக்கிப் பள்ளிகள் அமைத்தபோது, நாகர்கோவில் மிஷன் அச்சுக்கூடத்திலிருந்து வந்த தமிழ்ப் பிரசுரங்களே, எழுத்தறிவு அதுகாறும் மறுக்கப்பட்டிருந்த குடும்பங்களில் முதன்முதலாக நுழைந்த அச்சுப் புத்தகங்கள் ஆயின. பாட்டி கையில் இன்றும் தமிழ் வேதாகமம் இருப்பதன் காரணம் அதுவே.

இருமொழி வாசிப்பு ஒரு மனிதனை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டு செல்லும் என்பதற்கு இப்பிரதேசமே பிரத்தியட்சப் பிரமாணம் தருகிறது. நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888-இல் சிவப்பிரதிஷ்டை செய்து கேரளத்தின் சமூக வரலாற்றையே திருப்பிய நாராயண குரு, மலையாளத்திலும் சம்ஸ்கிருதத்திலும் எழுதியதோடு நில்லாமல், தமிழிலே தேவாரப் பதிகங்கள் இயற்றினார். திருக்குறளில் ஒரு பகுதியையும் 'ஒழிவிலொடுக்கம்' என்னும் சைவ சாஸ்திர நூலையும் மலையாளத்தில் பெயர்த்தார். அவருடைய சமகாலத்தவரான சட்டம்பி சுவாமிகள் சுவாமிநாத தேசிகரிடம் தமிழ் நூல்களை முறையாகப் பாடம் கேட்டவர். இவ்விருவரும் தம் காலத்துச் சாதிக் கொடுமையை எதிர்த்து நின்றபோது அவர்கள் கையாண்ட வாதங்களுக்குப் பின்னால், ஒரே சம்பிரதாயத்தின் கிரந்தங்களை மட்டும் படித்த ஒருவனுக்கு எளிதில் வாய்க்காத விசாலம் இருந்தது என்றே நான் எண்ணுகிறேன். நெய்யாற்றின்கரையில் 1878-இல் பிறந்த சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையோ வேறொரு வகையில் இதற்கு உதாரணமாகிறார். திவானைக் கண்டித்து எழுதியதற்காக 1910-இல் நாடு கடத்தப்பட்ட அவர், பரதேச வாழ்வின் வறுமைக்கும் நோய்க்கும் நடுவே, பத்திரிகைத் தொழிலைப் பற்றிய ஒரு முறைநூலையும், இந்திய பாஷைகளில் முதலாவதாகக் கருதப்படும் காரல் மார்க்ஸ் சரித்திரத்தையும் 1912-இல் வெளியிட்டார். சாக்ரடீஸைப் பற்றியும் காந்தியைப் பற்றியும் எழுதினார். கிராமத்து இளைஞன் கையில் எவற்றைக் கொடுக்கலாம் என்று கேட்பவருக்கு அவருடைய நூற்பட்டியலே ஒரு விடை.

இனி, வாசகசாலைகளைப் பற்றி. திருவனந்தபுரத்துப் பொது நூல்நிலையம் சுவாதித் திருநாள் காலத்தில், 1829-இல் தோன்றியது. ஆனால் கிராமத்தானுக்குப் புத்தகம் கிடைத்தது பி. என். பணிக்கரின் பிரயாசையால். நீலம்பேரூரில் பிறந்து பள்ளி ஆசிரியராக இருந்த அவர், 1945-இல் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளின் பிரதிநிதிகளைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை நிறுவினார். பின்னர் ஆயிரக்கணக்கான கிராம ஸ்தாபனங்களைத் தழுவி வளர்ந்த அந்தச் சங்கம், 1975-இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா பரிசைப் பெற்றது. 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கேரள மாநில நூலக கவுன்சிலாக மாறிற்று. பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஆம் தேதியைக் கேரளம் வாசிப்புத் தினமாகக் கொண்டாடுகிறது. இங்கே கவனிக்கவேண்டியது யாதெனில், சங்கம் தோன்றியபோது திருவிதாங்கூர் ஒன்றாக இருந்தது. நாஞ்சில் நாடும் நெய்யாற்றின்கரையும் ஒரே சங்கத்தின் எல்லைக்குள் அடங்கின. பதினோராண்டுக்குப் பின் தெற்கு வேறு சட்டத்தின் கீழ்ச் சென்றது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் இடைவிடாத உழைப்பால் சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக நிறைவேறிய 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் அது. வடக்கே ஊரார் சேர்ந்து நடத்தும் வாசகசாலை, அரசாங்க உதவித் தொகை பெறுகிறது. தெற்கே அரசாங்கமே நடத்தும் கிளை நூலகம். வடக்கே ஊர்க் கமிட்டிக்குச் சுதந்திரம் அதிகம். தெற்கே ஒழுங்கான நிர்வாகம் அதிகம். இரண்டிலும் நன்மை உண்டு. ஆனால் வடக்கேயுள்ள அலமாரி பெரும்பாலும் மலையாள நூல்களாலும் தெற்கேயுள்ளது பெரும்பாலும் தமிழ் நூல்களாலும் நிறைந்துவிட்டதற்கு எந்தச் சட்டமும் காரணமில்லை; வாங்குகிறவர் கை பழகிய வழியே அது.

ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய புத்தகம் கிடைக்கவேண்டும் என்பது; மூன்றாவது, ஒவ்வொரு புத்தகமும் தனக்குரிய வாசகனை அடையவேண்டும் என்பது. கணித ஆசிரியராக இருந்து நூலகராக மாறிய அவர் இவற்றை எளிய வாக்கியங்களாக அமைத்தபோதிலும், அவற்றை ஒரு கிராமத்தில் அனுஷ்டிக்கப் புகுந்தால் கிராமத்து ஜனங்களின் கணக்கெடுப்பிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கிறது. பாறசாலை வட்டாரத்தில் வாசகன் யார்? விடியற்காலையில் ரப்பர் மரத்தில் வெட்டுப் போட்டுவிட்டு ஒன்பது மணிக்குள் வேலை முடிந்துவிடும் தொழிலாளி. பொழியூர், பூவாறு கரைகளில் மீன்பிடிக்கும் பரதவன். குடும்பஸ்ரீ கூட்டத்துக்குக் கணக்கு எழுதும் பெண். பாலராமபுரத்துத் தறிகளில் உட்கார்ந்திருக்கும் சாலியர். இக்கடைசி வகுப்பாரை நான் விசேஷமாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. பாலராம வர்மா ஆட்சியில் திவான் உம்மிணித் தம்பி தமிழ்நாட்டிலிருந்து வருவித்துக் குடியேற்றிய நெசவாளர்களின் சந்ததியினர் அவர்கள். இரண்டு நூற்றாண்டுகளாக மலையாள நாட்டின் நடுவே வீட்டிலே தமிழ் பேசிக்கொண்டு, கேரளம் முழுவதும் விழாக்காலத்தில் உடுத்தும் கசவு வேஷ்டியை நெய்து கொடுக்கிறவர்கள். அவர்கள் தெருவிலுள்ள ஒரு வாசகசாலையில் நெசவைப் பற்றிய நூலும், சாயத்தைப் பற்றிய நூலும், கூட்டுறவுச் சட்டத்தைப் பற்றிய நூலும், அவர்களுடைய பாஷையில் ஒரு நாவலும் இல்லையானால், அங்கே எத்தனை ஆயிரம் நூல்கள் இருந்தும் ரங்கநாதனின் இரண்டாவது விதி மீறப்பட்டதேயாகும்.

இருமொழி வாசிப்பு மாணவரைக் குழப்பிவிடும், ஒன்றிலும் தேர்ச்சி பெறாமல் செய்துவிடும் என்று பள்ளி நிர்வாகிகளிடையே ஓர் அபிப்பிராயம் நிலவுகிறது. இதற்கு மாறான சாட்சியம் இப்பகுதியின் நவீன இலக்கியத்திலேயே நிறைந்து கிடக்கிறது. சுந்தர ராமசாமி கோட்டயத்தில் பால்யத்தைக் கழித்து, பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் சம்ஸ்கிருதமும் படித்து, பதினெட்டாம் வயதில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். அவரே பின்னர்த் தகழியின் 'செம்மீ'னைத் தமிழாக்கினார், 1966-இல் 'ஒரு புளியமரத்தின் கதை'யை எழுதித் தமிழ் நாவலின் போக்கை மாற்றினார். தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் பயின்றவர். தம் தமிழ் நாவல்களை அவர் மலையாள லிபியிலேயே எழுதிப் பிறகு தமிழெழுத்தில் பெயர்த்தெழுதச் செய்தார் என்பது இலக்கிய உலகம் அறிந்த செய்தி. 'சாய்வு நாற்காலி'க்கு 1997-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்துகொண்டே 'கிருஷ்ணப் பருந்து' எழுதிய ஆ. மாதவனும், 'பள்ளிகொண்டபுரம்' எழுதிய நீல பத்மநாபனும் மலையாள நகரத்தின் வாழ்வைத் தமிழில் பதித்தார்கள். ஜெயமோகன் தமிழில் எழுதிய 'நூறு நாற்காலிகள்' மலையாளத்தில் 'நூறு சிம்ஹாசனங்க'ளாக வந்து அங்கே பெருவாரியான வாசகரைப் பெற்றது. இவர்கள் அனைவரும் அபூர்வப் பிறவிகள், இவர்களைக் கொண்டு சாமானிய மாணவனைத் தீர்மானிக்கலாகாது என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். அவருக்குக் கல்வி ஆராய்ச்சியிலிருந்தே விடை உண்டு. 1953-இல் யுனெஸ்கோ வெளியிட்ட தாய்மொழிக் கல்வி அறிக்கை, குழந்தை தான் அறிந்த பாஷையிலேயே எழுத்தறிவைத் தொடங்குவது சிறந்தது என்று வற்புறுத்திற்று. 1979-இல் கனடா தேசத்து ஜிம் கம்மின்ஸ், ஒரு பாஷையில் பெற்ற வாசிப்புத் திறன் மற்றொரு பாஷைக்கும் அடித்தளமாக உதவுகிறது என்னும் கொள்கையை முன்வைத்தார். நமது அரசியல் சாசனத்தில் 350-ஏ என்னும் ஷரத்து, சிறுபான்மைப் பாஷைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யுமாறு பணிக்கிறது; அது சேர்க்கப்பட்டதும் ராஜ்யங்கள் பிரிக்கப்பட்ட அதே 1956-ஆம் ஆண்டிலேயே. கோடு போட்டவர்கள் கோட்டின் இருபுறமும் தங்கப்போகிற குழந்தைகளையும் அப்போதே நினைத்தார்கள் என்று இதனால் தெரிகிறது.

குழந்தைகளுக்கான தேர்வில் நான் முதலாவதாகப் பரிந்துரைப்பது, ஒரே படங்களோடு இரு பாஷைகளிலும் வெளியாகும் புத்தகங்களை ஜோடியாக வாங்கி அருகருகே வைப்பதாகும். நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புஸ்தகாலய வரிசையில் இத்தகைய நூல்கள் மலிவு விலையில் உள்ளன. சென்னைத் தூலிகா பதிப்பகமும், பிரதம் புக்ஸ் ஸ்தாபனமும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே கதையை வெளியிடுகின்றன. பள்ளியில் மலையாளம் படிக்கும் சிறுமி கதையை மலையாளத்தில் படித்து முடித்துவிட்டுத் தமிழ்ப் பிரதியைத் திறந்தால், படமும் கதையும் முன்பே தெரிந்திருப்பதால், அறியாத எழுத்து அவளை மிரட்டுவதில்லை. வீட்டில் பேசும் சொல்லை அச்சில் முதன்முறையாகக் காணும்போது அவள் அடையும் சந்தோஷம் எந்த இலக்கணப் பாடமும் தராதது. சற்று வளர்ந்தவர்களுக்கு, டெட்சுகோ குரோயானகியின் 'டோட்டோ-சான்' இரு பாஷைகளிலும் கிடைக்கிறது. பஷீரின் 'பால்யகால சகி'யைக் குளச்சல் மு. யூசுப்பின் தமிழிலும் படிக்கலாம். இரண்டு பிரதிகளையும் இரண்டு நண்பர்கள் வாசித்து, மொழிபெயர்ப்பாளர் எந்த இடத்தில் என்ன செய்தார் என்று வாதிடத் தொடங்கினால், அதைவிடச் சிறந்த பாஷைப் பயிற்சியை நான் அறியேன்.

கதை நூல்களோடு நிறுத்திவிடுவதுதான் குழந்தை நூலகங்களில் சாதாரணமாக நேரும் குறை. பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தையும், அதைத் தொடர்ந்து 1968 முதல் 1976 வரை வேறு பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் கொண்டுவந்தது. சில செய்திகள் பழமையாகிவிட்டன என்பது உண்மை. ஆனால் ஒரு விஷயத்தைத் தேடப் போய் வேறு மூன்று விஷயங்களைக் கண்டுகொண்டு திரும்பும் பழக்கத்தைப் பத்து வயதில் உண்டாக்குவதற்கு அத்தகைய நூலுக்கு ஈடு இல்லை. 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1970 முதல் நடத்தும் 'யுரீக்கா'வும், தமிழ்நாட்டு அறிவியல் இயக்கத்தார் 1987-இல் தொடங்கிய 'துளி'ரும் ஒரே மேஜையில் கிடக்கவேண்டும். விஞ்ஞானத்தைப் பொறுத்தவரை இதற்கு ஒரு விசேஷப் பயனும் உண்டு: இரு பாஷைகளும் ஒரே கருத்துக்கு வெவ்வேறு கலைச்சொற்களை ஆக்கியிருப்பதால், இரண்டையும் கண்ட மாணவன் சொல்லை மனப்பாடம் செய்து தப்ப முடியாமல், கருத்தையே பிடித்துக்கொள்ள நேர்கிறது. கவிமணியின் குழந்தைப் பாட்டுகளும் அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளும் மாலி எழுதிய மலையாளக் கதைகளும் இவற்றோடு சேரவேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பெரியோர்களின் விஷயம் வேறு. பள்ளியை விட்டபின் புத்தகத்தைத் தொடாத ஒருவர் மீண்டும் வாசிக்க வருவது, பெரும்பாலும், தமக்கு நேர்ந்துள்ள ஒரு காரியத்தின் நிமித்தமாகவே. ரப்பர் மரத்தில் நோய் விழுந்திருக்கும். நிலப் பத்திரத்தில் ஒரு சிக்கல் வந்திருக்கும். மனைவிக்குச் சர்க்கரை வியாதி என்று வைத்தியர் சொல்லியிருப்பார். அந்த நேரத்தில் அவர் கையில் தெளிவான பாஷையில் எழுதப்பட்ட ஒரு சிறு நூல் கிடைத்தால் அவர் மறுமுறையும் வருவார். மூன்றாவது முறை வரும்போது நாவலைக் கேட்பார். ஆகையால் வேளாண்மை, சட்டம், தேக ஆரோக்கியம் ஆகிய மூன்றிலும் சிறு நூல்கள் வாசகசாலையின் வாயிலருகே இருக்கவேண்டும். அவற்றை உபயோக நூல்கள் என்று இழிவாக எண்ணி மூலையில் தள்ளும் கமிட்டி தன் வாசகரைத் தானே தள்ளிவிடுகிறது. பிராயம் ஒரு தடையன்று என்பதற்கு, ஆலப்புழை ஜில்லாவின் கார்த்தியாயினி அம்மா 2018-இல் தமது 96-ஆம் வயதில் கேரள எழுத்தறிவு இயக்கத்தின் பரீட்சையில் நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் பரீட்சையில் தேறிய மூதாட்டிக்கு மறுநாள் படிக்க என்ன இருக்கிறது என்பதே நான் கேட்க விரும்புவது. பெரிய எழுத்தில் அச்சிட்ட, பெரியவர்களின் அனுபவத்தை மதித்து எழுதிய நூல்கள் இரு பாஷைகளிலும் குறைவு. குழந்தைகளின் அணில் கதையை அவர்கள் கையில் கொடுப்பது மரியாதையாகாது. தம் ஊரின் சரித்திரம், தாம் கேட்டு வளர்ந்த வில்லுப்பாட்டின் அச்சுப் பிரதி, மருமக்கள்வழித் தாயமுறையால் குடும்பங்கள் பட்ட பாட்டைச் சித்திரிக்கும் கவிமணியின் 'மான்மியம்', மார்த்தாண்ட வர்மா ஒளிந்து திரிந்த நாட்களை வைத்து சி. வி. ராமன் பிள்ளை 1891-இல் எழுதிய நாவல் ஆகியவை அவர்களுக்கு ஏற்றவை. இவற்றிலே வரும் ஊர்ப் பெயர்களும் உறவு முறைகளும் அவர்களுக்கு முன்பே பழக்கமானவை. அந்தப் பழக்கம் எழுத்தின் பாரத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

இவ்வளவையும் யார் தேர்ந்தெடுப்பது? ஊர்ப் பெரியவர் ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் புத்தகக் கண்காட்சிக்குப் போய், அரை நாளில், அவ்வாண்டின் உதவித் தொகைக்கு அடங்கும்படி அள்ளிக்கொண்டு வருவது பல இடங்களில் நடைமுறை. அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. எனினும் அவர்களுக்குப் பிடித்த துறையே அலமாரியில் வருஷந்தோறும் வீங்குவது தவிர்க்க முடியாததாகிறது. அண்மைக் காலத்தில் சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்கான வழிகாட்டி நூல்கள் அலமாரிகளை நிரப்பிவருகின்றன. உத்தியோகம் தேடும் இளைஞனுக்கு அவை வேண்டியவையே. நான் அவற்றை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நூல்கள் இரண்டு ஆண்டில் பழசாகிவிடும், அவற்றின்மேல் செலவான பணம் திரும்பி வராது. ஆகவே வாங்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவற்றுக்குப் போகலாகாது என்பது என் அபிப்பிராயம். மற்றொரு பங்கு அவசியம் தமிழ் நூல்களுக்கு ஒதுக்கப்படவேண்டும். தெற்கே விளவங்கோடு தாலுகாவின் கிளை நூலகங்களில் அதேபோல் ஒரு பங்கு மலையாளத்துக்கு. வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு நோட்டுப் புத்தகத்தை மேஜைமேல் வைத்து, வாசகர்கள் கேட்டுக் கிடைக்காத நூல்களை அவர்கள் கையாலேயே, எந்த லிபியில் வேண்டுமானாலும், எழுதச் செய்யலாம். தேர்வுக் கமிட்டியில் பதினைந்து வயதுக்குட்பட்ட ஒருவரும் அறுபதுக்கு மேற்பட்ட ஒருவரும் இருக்கவேண்டும். இருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் நலம்.

நூலகம் வளரும் உயிர் என்று ரங்கநாதன் தம் ஐந்தாம் விதியில் கூறியதற்கு, உதிர்வதும் அதன் தர்மம் என்பது பொருள். பத்து வருஷமாக எவரும் எடுக்காத நூலை ஆராய்ந்து, அது அபூர்வமானதா வெறும் சுமையா என்று பிரித்து, சுமையை அகற்றும் துணிவு நம் கமிட்டிகளுக்கு அரிதாகவே வருகிறது. எல்லைக் கிராமங்களுக்கோ இதில் பிறருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. வடக்கே யாரும் தொடாமல் தூசி படியும் தமிழ் நன்கொடைப் புத்தகத்துக்கு நாலு மைல் தெற்கே ஒரு வாசகன் இருக்கக்கூடும். குழித்துறையில் பரணில் கிடக்கும் மலையாள மாதப் பத்திரிகைத் தொகுதியைத் தனுவச்சபுரத்துக் கல்லூரி மாணவன் தேடிக்கொண்டிருக்கக்கூடும். களியக்காவிளைச் சந்தைக்கு மரச்சீனியும் வாழைக்குலையும் இருபுறத்திலிருந்தும் வந்து சேருவதற்கு எவரும் அனுமதி கேட்பதில்லை. எல்லைக்கு இருபுறமும் உள்ள ஊர் வாசகசாலைகள் ஐந்தாறு சேர்ந்து தங்கள் நூற்பட்டியல்களை ஒன்றாக அச்சிட்டு, மாதம் ஒருமுறை ஒரு பெட்டி நூல்களை மாற்றிக்கொள்வதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை; இரண்டு காரியதரிசிகளும், ஒரு பேரேடும், பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட ஓர் இளைஞனும் போதும். பட்டியலின் முதற்பக்கத்தில் இரவிக்குட்டிப் பிள்ளைப் போரின் தமிழ்ப் பதிப்பையும் மலையாளப் பதிப்பையும் சேர்த்தே குறிக்கலாம்.